வண்டியில் படியும் நீர்க்கறை: சமையல் சுக்கா வேறு, ரப்பர் சுக்கா வேறு

தோட்டப்புறங்களில் கார் என்பது இன்று ஆடம்பரப் பொருள் அன்று. 1985ஆம் ஆண்டில் புரோட்டோன் சாகா காரும், 1994ஆம் ஆண்டில் பெரோடுவா கஞ்சில் காரும் விற்பனைக்கு வந்த பின்னர், சொந்த வண்டி வைத்துக்கொள்ளும் வாய்ப்பு உழைக்கும் மக்களுக்கும் கிட்டியது. கூலாய் வட்டாரத்தில் பிள்ளைகளைப் பள்ளிக்கு அழைத்துச் செல்லவும், நோயுற்றோரை மருத்துவமனையில் சேர்க்கவும், ஜொகூர் பாருவுக்கோ சிங்கப்பூருக்கோ வேலைக்குச் செல்வோர் விடியுமுன் புறப்படவும் காரும் மோட்டார் சைக்கிளும் இன்றியமையாத துணைகளாகிவிட்டன. மாதந்தோறும் தவணை கட்டி வாங்கிய வண்டியைப் பேணிக் காப்பது குடும்பச் சிக்கனத்தின் ஒரு பகுதியாகும்.

வண்டியை எத்தனை முறை கழுவினாலும் சிலருக்கு ஒரு மனக்குறை நீங்குவதில்லை. சாயத்தின் மீதும் கண்ணாடியின் மீதும் வட்ட வட்டமாக வெண்புள்ளிகள் படிந்து, துடைத்தாலும் போகாமல் நிற்கின்றன. கறை போகவில்லையே என்ற எரிச்சலில், பால் கொட்டகையில் ரப்பர் பாலை உறைய வைக்கும் ஆசிட்டைச் சிறிது எடுத்துத் தேய்த்துப் பார்க்கலாமா என்ற எண்ணமும் சிலருக்கு எழக்கூடும். அவ்வெண்ணம் வண்டிக்கு மட்டுமன்றிக் கண்ணுக்கும் உயிருக்கும் கேடு விளைக்க வல்லது. நீர்க்கறை எதனால் உண்டாகிறது, அதனை எம்முறையில் நீக்குவது, எதனைத் தொடவே கூடாது என்பவற்றை இப்பாடத்தில் முறையாக அறிந்து கொள்வோம்.

கறை எவ்வாறு தோன்றுகிறது?

நீர் தூயதாகக் காணப்பட்டாலும் அதனுள் கண்ணுக்குப் புலப்படாத உப்புகள் கரைந்துள்ளன. அவற்றுள் முதன்மையானவை சுண்ணாம்புச் சத்தும் மக்னீசியச் சத்தும் ஆகும். வண்டியின் மேல் நிற்கும் நீர்த்துளி வெயிலில் ஆவியாகும்போது நீர் மட்டுமே மேலே செல்கிறது. உப்புகள் அவ்விடத்திலேயே தங்கிவிடுகின்றன. துளியின் ஓரம் முதலில் உலர்வதால் உப்பு அங்கே மிகுதியாகச் சேர்ந்து வளையம் போலத் தோன்றுகிறது. நெடுநாள் பயன்படுத்திய தண்ணீர்க் கெண்டியின் உட்புறத்தில் வெள்ளையாகப் படிவதும் இதே சுண்ணாம்புதான்.

ஒரு லிட்டர் நீரில் இவ்வுப்புகள் 60 மில்லிகிராமுக்குட்பட்டு இருந்தால் அதனை மென்னீர் என்றும், 180 மில்லிகிராமுக்கு மேற்பட்டால் மிகக் கடின நீர் என்றும் கூறுவர். ஒரு சிறு கணக்கைப் போட்டுப் பார்ப்போம். லிட்டருக்கு 100 மில்லிகிராம் உப்புள்ள நீரை 10 லிட்டர் கொள்ளும் வாளியில் நிரப்பினால், அந்த வாளி நீரில் 1 கிராம் உப்பு அடங்கியுள்ளது. கழுவிய நீரில் பெரும்பகுதி வழிந்தோடிவிடும் என்பது உண்மையே. ஆயினும் வண்டியின் மேலேயே தங்கி உலரும் சிறு பகுதி, வாரந்தோறும் சேர்ந்து சேர்ந்து கறையாகின்றது.

ஜொகூர் மாநிலத்தின் குழாய் நீர் பெரும்பாலும் ஆறுகளிலிருந்தும் நீர்த்தேக்கங்களிலிருந்தும் பெறப்படுவது. ஈப்போ போன்ற சுண்ணாம்புக் குன்றுகள் நிறைந்த இடங்களின் நிலத்தடி நீரைப் போல் அது அத்துணைக் கடினமானதன்று. எனினும் ஆற்று நீரைச் சுத்திகரிக்கும்போது புளிப்புத் தன்மையைச் சமன் செய்யச் சுண்ணாம்பு சேர்ப்பது வழக்கமாதலின், குழாய் நீரிலும் ஓரளவு சுண்ணாம்பு இருக்கவே செய்யும். கிணற்று நீரின் நிலை வேறு. தீபகற்ப மலேசியாவின் நிலத்தடி நீரில் இரும்புச் சத்து மிகுந்திருப்பது பரவலாகக் காணப்படுவதொன்று. கிணற்று நீரில் துவைத்த வெள்ளைச் சட்டை பழுப்பேறினால், அந்நீரால் கழுவிய வண்டியிலும் பழுப்புக் கறை படியும் என்று எதிர்பார்க்கலாம். குடிநீரில் இரும்பு லிட்டருக்கு 0.3 மில்லிகிராமைத் தாண்டலாகாது என்பது நம் நாட்டின் குடிநீர்த் தர அளவாகும்.

மழை நீரில் சுண்ணாம்பு அநேகமாக இல்லை. ஆனால் வானிலிருந்து இறங்கும்போது அது புகையையும் தூசியையும் உடன் கொண்டு வருகிறது. 2013, 2015, 2019 ஆகிய ஆண்டுகளில் புகைமூட்டம் நம் நாட்டைச் சூழ்ந்ததை வாசகர்கள் மறந்திருக்க மாட்டார்கள். அத்தகைய காலத்தில் பெய்யும் முதல் மழை, கரிப்பொடி கலந்த புள்ளிகளை வண்டியின் மேல் விட்டுச் செல்லும்.

வீட்டிலேயே ஒரு சோதனை

மழை நீர், குழாய் நீர், கிணற்று நீர் ஆகிய மூன்றையும் தனித்தனியே ஒவ்வொரு கரண்டி எடுத்துக்கொள்ளுங்கள். முகம் பார்க்கும் பழைய கண்ணாடித் துண்டொன்றில் ஒவ்வொன்றிலும் ஐந்து துளிகளை இடைவெளி விட்டு வைத்து வெயிலில் உலர விடுங்கள். உலர்ந்த பின் எது மிகுதியான வெண்மையை விட்டுச் செல்கிறது, எது பழுப்பாகத் தெரிகிறது என்பதைப் பிள்ளைகளையே எழுதி வைக்கச் சொல்லுங்கள். வண்டியைக் கழுவ எந்நீர் ஏற்றது என்பதற்கு வேறு சான்று தேவையில்லை.

கறையின் மூன்று நிலைகள்

முதல் நிலையில் உப்பு, சாயத்தின் மேல் தூள் போலப் படிந்திருக்கும். சவர்க்கார நீரில் கழுவினாலே அது நீங்கிவிடும். இரண்டாம் நிலையில் அது பல வாரங்கள் வெயிலில் காய்ந்து கெட்டிப்பட்டு ஒட்டியிருக்கும். விரலால் தடவினால் சொரசொரப்புத் தெரியும். இதற்கு மென்மையான புளிப்புப் பொருள் தேவை. மூன்றாம் நிலையில் கறை சாயத்தையே அரித்துச் சிறு பள்ளம் உண்டாக்கியிருக்கும். மேலுள்ள உப்பை முற்றிலும் நீக்கிய பின்னரும் வளையத்தின் தடம் தெரிந்தால், அது மூன்றாம் நிலை என்று கொள்க.

காரின் நிறச் சாயத்திற்கு மேல் நிறமற்ற பளபளப்புப் பூச்சு ஒன்று உள்ளது. அதன் கனம் ஏறத்தாழ 40 முதல் 50 மைக்ரான் மட்டுமே. ஒரு மைக்ரான் என்பது ஒரு மில்லிமீட்டரின் ஆயிரத்தில் ஒரு பங்கு. நம் தலைமயிரின் கனத்தைவிடவும் மெல்லிய இப்பூச்சுதான் வெயிலிலிருந்தும் மழையிலிருந்தும் சாயத்தைக் காத்து நிற்கிறது. முரட்டுத்தனமாகத் தேய்க்கும் ஒவ்வொரு முறையும் இப்பூச்சில் ஒரு பகுதி தேய்ந்து போகிறது. தேய்ந்தது மீண்டும் வளராது. ஆகவே எப்பொழுதும் மிக மென்மையான முறையில் தொடங்கி, அது பயன் தராவிடில் மட்டுமே அடுத்த முறைக்குச் செல்ல வேண்டும்.

ஒரே பெயர், இரு திரவங்கள்

சுண்ணாம்புக் கறையைப் புளிப்புப் பொருள் கரைக்கும் என்பது அறிவியல் உண்மை. இங்கேதான் ஒரு பெரிய ஆபத்து மறைந்துள்ளது. மலாய் மொழியில் சமையலுக்குரிய வினிகரைச் 'சுக்கா' என்பர். ரப்பர் பாலை உறைய வைக்கும் திராவகத்தையும் 'சுக்கா கெத்தா', அதாவது ரப்பர் சுக்கா என்பர். பெயரில் இரண்டும் உறவு. தன்மையில் இரண்டும் வேறு.

சமையல் சுக்காவில் உள்ளது அசெட்டிக் அமிலம். அதுவும் நூற்றுக்கு 4 அல்லது 5 பங்கு அளவே, எஞ்சியது நீர். ரப்பர் சுக்கா என்பது பார்மிக் அமிலம். கட்டெறும்பு கடித்தால் சுரீரென்று எரிவதற்குக் காரணமான புளிப்பும் இந்த அமிலமே. தோட்டத்திற்கு வரும் கலன்களில் அது பெரும்பாலும் 85 விழுக்காட்டுக்குக் குறையாத செறிவுடன் இருக்கும். பால் மரத் தொழிலாளர்கள் அதனை நீரில் மிகவும் கலந்து, சில விழுக்காடு அளவுக்குத் தணித்த பின்னரே பாலில் ஊற்றுவர் என்பதை நாம் அறிவோம். செறிவு ஒருபுறமிருக்க, இயல்பிலேயே பார்மிக் அமிலம் அசெட்டிக் அமிலத்தைப் போல் ஏறத்தாழ பத்து மடங்கு வன்மையுடையது. பழைய சாயத்தை உரித்தெடுக்கும் தொழிற்சாலைக் கலவைகள் சிலவற்றில் பார்மிக் அமிலமும் சேர்க்கப்படுகிறது என்றால், அதைக் காரின் மேல் ஊற்றினால் என்ன ஆகும் என்பதைச் சொல்ல வேண்டியதில்லை.

சாயம் போனால் பணம் செலவழித்து மீண்டும் பூசலாம். கண் போனால் எங்கே வாங்குவது? செறிந்த பார்மிக் அமிலம் ஒரு துளி கண்ணில் தெறித்தாலும் பார்வைக்கு நிலையான கேடு விளையலாம். தோலில் பட்டால் வெந்த புண் உண்டாகும். அதன் ஆவியே மூக்கையும் தொண்டையையும் அரிக்கும். எனவே ரப்பர் சுக்காவைப் பால் கொட்டகையை விட்டு வெளியே கொண்டு வரலாகாது. குடிநீர்ப் போத்தலிலோ, சாஸ் போத்தலிலோ ஊற்றி வீட்டில் வைப்பது அதனினும் பெருங்கேடு. தாகமெடுத்து வரும் குழந்தைக்கு எந்தப் போத்தலில் என்ன இருக்கிறது என்பது எப்படித் தெரியும்?

அபாயமான இரசாயனங்களின் கலன்களில் எச்சரிக்கைப் படம் இருக்க வேண்டும் என்பது 2013ஆம் ஆண்டு முதல் நடைமுறையிலுள்ள தொழிலிடப் பாதுகாப்பு விதியாகும். கையின் மீதும் உலோகத்தின் மீதும் திரவம் சொட்டி அரிப்பது போன்ற படத்தைக் கண்டால், அதனுள் இருப்பது அரிக்கும் பொருள் என்று எழுத்தறியாதோரும் உணர்ந்து கொள்ளலாம். இப்படத்தை வீட்டிலுள்ள அனைவருக்கும் காட்டி விளக்குவது நன்று.

சாயத்தின் மீதுள்ள கறையை நீக்கும் முறை

1. வண்டியை நிழலில் நிறுத்துங்கள். மேற்பகுதியில் கை வைத்தால் குளிர்ச்சியாக இருக்கும் வரை காத்திருங்கள். சூடான தகட்டில் நீர் நொடியில் உலர்ந்து புதிய கறையை உண்டாக்கும்.

2. முதலில் வெறும் நீரை ஊற்றி மண்ணையும் தூசியையும் கழுவி விடுங்கள். செம்மண் படிந்த வண்டியை நேரே துணியால் தேய்ப்பது, மணற்காகிதம் கொண்டு தேய்ப்பதற்கு ஒப்பாகும்.

3. இரண்டு வாளிகளை வைத்துக்கொள்ளுங்கள். ஒன்றில் காருக்குரிய சவர்க்கார நீர். மற்றொன்றில் துணியை அலசும் நல்ல நீர். கூரையில் தொடங்கிக் கீழ்நோக்கிக் கழுவுங்கள். சக்கரங்களுக்குத் தனித் துணி வேண்டும்.

4. கறை எஞ்சியிருந்தால், சமையல் சுக்கா ஒரு பங்கும் நல்ல நீர் ஒரு பங்கும் கலந்துகொள்ளுங்கள். முதலில் கதவின் அடிப்பகுதி போன்ற மறைவான இடத்தில் தொட்டுச் சோதியுங்கள். நிறம் மாறவில்லையெனில், மென்மையான துணியை அதில் நனைத்துக் கறையின் மேல் ஒரு நிமிடம் ஒற்றி வையுங்கள். தேய்க்க வேண்டாம், சுக்காவே கறையைக் கரைக்கும். அது உலரும் முன் நீரை நிறைய ஊற்றிக் கழுவிவிடுங்கள்.

5. ஒரு முறையில் போகாவிட்டால் இரண்டாம் முறை செய்யலாம். கலவையின் வன்மையைக் கூட்ட வேண்டாம். வெள்ளிப் பூச்சுள்ள பகுதிகளிலும், சாயம் உதிர்ந்து இரும்பு தெரியும் இடங்களிலும் சுக்காவைப் பட விடாதீர்கள். சிமெண்டுத் தரையையும் அது அரிக்குமாதலின் தரையையும் கழுவி விடுங்கள்.

6. சொரசொரப்பு இன்னும் இருந்தால், வாகன உதிரிப்பொருள் கடைகளில் 'கிளே பார்' என்று விற்கப்படும் களிக்கட்டியை வாங்கி, சவர்க்கார நீர் தெளித்து ஈரமாகவே மெல்லத் தேய்க்கலாம். கட்டி தரையில் விழுந்தால் எடுத்து மீண்டும் பயன்படுத்தலாகாது. அதில் ஒட்டிய மணல் சாயத்தைக் கீறிவிடும்.

7. மூன்றாம் நிலைத் தடங்களை மெருகுப் பசையால்தான் குறைக்க முடியும். இது பூச்சைச் சற்றுத் தேய்த்துச் சமன் செய்யும் வேலையாதலின், பழகிய கைகளிடம் விடுவதே நலம்.

ஓர் எச்சரிக்கை: துணி வெளுக்கும் குளோரின் நீரைச் சுக்காவுடன் கலந்தால் நச்சு வாயு கிளம்பும். ரப்பர் பால் கெடாதிருக்கச் சேர்க்கும் அம்மோனியாவுடன் குளோரின் நீரைக் கலந்தாலும் அவ்வாறே. எந்த இரு பொருள்களையும் 'வன்மை கூடும்' என்று எண்ணிக் கலக்க வேண்டாம்.

கண்ணாடியின் மீதுள்ள கறை

சாயத்தில் உள்ள கறை அழகைக் கெடுக்கும். முன்கண்ணாடியில் உள்ள கறை உயிருக்கே உலை வைக்கும். இரவிலோ விடியற்காலையிலோ மழை பெய்யும்போது எதிரே வரும் லாரியின் விளக்கொளி, கறைப் புள்ளிகளில் பட்டுச் சிதறிக் கண்ணைக் கூசச் செய்கிறது. சாலையோரம் மோட்டார் சைக்கிளில் செல்பவரோ, நடந்து செல்பவரோ அந்த ஒளிச் சிதறலில் மறைந்து போகின்றனர்.

கண்ணாடி சாயத்தைவிடக் கடினமானது. ஆகவே சுக்கா நனைத்த துணியை அதன்மேல் ஐந்து நிமிடம் வரை வைத்திருக்கலாம். கீழே வழியும் சுக்கா சாயத்தில் தங்கிவிடாமல் நீரூற்றிக் கழுவ வேண்டும். சுண்ணாம்புக் கறை இதனால் நீங்கும். நீரில் கரைந்துள்ள மணற்சத்தாகிய சிலிக்காவால் உண்டான கறை சுக்காவிற்கு மசியாது. ஏனெனில் கண்ணாடியும் அதே சிலிக்காவினால் ஆனது. இதற்குச் சீரியம் ஆக்சைடு என்னும் மெருகுத் தூளைப் பயன்படுத்துவர். ஒரே இடத்தில் நெடுநேரம் தேய்த்தால் கண்ணாடி குழிந்து காட்சி நெளியும் என்பதால், இதனையும் தொழில் அறிந்தவரிடம் ஒப்படைப்பதே ஏற்றது.

சிலிக்காவைக் கரைக்கக்கூடிய ஹைட்ரோபுளோரிக் அமிலம் சில வன்மையான சக்கரத் துப்புரவு நீர்மங்களில் கலந்துள்ளது. அது தோலின் வழியே உடலுக்குள் ஊடுருவி, இரத்தத்திலுள்ள சுண்ணாம்புச் சத்தைக் குலைத்து இதயத்தையே பாதிக்க வல்லது. முதலில் வலி தெரியாமலும் இருக்கலாம். அப்பெயர் எழுதப்பட்ட எதனையும் வீட்டிற்கு வாங்கி வரலாகாது.

கறுப்புத் தாள் ஒட்டிய கண்ணாடியின் உட்புறத்தை அம்மோனியா கலந்த நீர்மத்தால் துடைத்தால் தாள் கெடும். வெறும் நீரும் மென்துணியும் போதும். துடைப்பானின் ரப்பரையும் கவனியுங்கள். 1903ஆம் ஆண்டில் மேரி ஆண்டர்சன் என்னும் அமெரிக்க மாது காப்புரிமை பெற்ற துடைப்பானிலேயே ரப்பர் விளிம்பு இருந்தது. இன்றும் பல துடைப்பான்கள் இயற்கை ரப்பரால் ஆனவை. நாம் வெட்டிய பால், மழையில் நமக்கு வழிகாட்டுகிறது என்பதில் பெருமை கொள்ளலாம். அந்த ரப்பர் வெடித்துப் போனால் நீரை இழுக்காமல் கோடு கோடாக விட்டுச் செல்லும். உடனே மாற்றி விடுங்கள்.

மோட்டார் சைக்கிளோட்டிகளுக்கு ஒரு சொல். தலைக்கவசத்தின் முகமறைப்பு கண்ணாடி அன்று. அது பெரும்பாலும் பாலிகார்பனேட் என்னும் பிளாஸ்டிக். அம்மோனியா அதனை வெடிக்கச் செய்யும். மெருகுப் பசை மங்கச் செய்யும். மிதமான சவர்க்கார நீரில் ஊற வைத்து விரலால் மெல்லத் துடைப்பதே முறை. கீறல் விழுந்துவிட்டால் புதியது மாற்றுவதே பாதுகாப்பு.

கறை படியாமல் காத்தல்

கறையை நீக்குவதைவிட அது படியாமல் தடுப்பது எளிது. கழுவி முடித்தவுடன் நீர் தானே உலரட்டும் என்று விடாமல், உலர்ந்த மென்துணியால் ஒற்றி எடுத்துவிடுங்கள். இந்த ஒரு பழக்கமே கறையின் பெரும்பகுதியைத் தடுத்துவிடும். நண்பகல் வெயிலில் கழுவ வேண்டாம். இரண்டு மூன்று மாதங்களுக்கு ஒரு முறை கார் மெழுகு பூசினால் நீர் தங்காமல் உருண்டோடும். புல்லுக்கு நீர் தெளிக்கும் குழாயின் அருகிலும், பால் மரங்களின் அடியிலும் வண்டியை நிறுத்த வேண்டாம்.

கடைசி அலசலுக்கு மழை நீர் மிகவும் ஏற்றது. கூரையிலிருந்து முதலில் வடியும் அழுக்கு நீரை விட்டுவிட்டுப் பின்னர் வருவதைப் பிடித்து வையுங்கள். ஆயின் தொட்டியை இறுக மூடி வைத்தல் கட்டாயம். டிங்கிக் காய்ச்சலைப் பரப்பும் ஏடிஸ் கொசு, தெளிந்த நீரில்தான் முட்டையிடுகிறது. வளர்ந்த கொசுவாக வெளிவர அதற்கு ஏறத்தாழ ஒரு வாரமே போதும். கொசு பெருக இடமளிப்போருக்குத் தண்டனை விதிக்க 1975ஆம் ஆண்டின் நோய் பரப்பும் பூச்சிகளை ஒழிக்கும் சட்டம் உள்ளது என்பதையும் நினைவிற் கொள்க.

விபத்து நேர்ந்தால்

அமிலம் கண்ணிலோ தோலிலோ பட்டால், ஒரு நொடியும் தாமதியாமல் ஓடும் நீரில் குறைந்தது 15 நிமிடம் கழுவ வேண்டும். கண்ணாயின் இமைகளை விரித்துப் பிடித்துக் கழுவுக. அமிலம் பட்ட உடையைக் களைந்து விடுக. சோடா மாவு, எண்ணெய், பற்பசை எதனையும் தடவலாகாது. விழுங்கிவிட்டால் வாந்தி எடுக்க வைக்கக் கூடாது. தொண்டை இரண்டாம் முறையும் வெந்து போகும். 999 எண்ணை அழையுங்கள். அல்லது கூலாய் மருத்துவமனைக்கு விரையுங்கள். அமிலம் இருந்த கலனின் பெயர்ச்சீட்டையும் உடன் எடுத்துச் சென்றால் மருத்துவர்க்கு உதவியாக இருக்கும்.

ஐந்து விழுக்காட்டுச் சமையல் சுக்கா, ஒரு நிமிடப் பொறுமை, உலர்ந்த துணி ஒன்று: வண்டியின் சாதாரண நீர்க்கறைக்கு இவை போதும். இவற்றிற்கு மசியாத கறை சிறிது இருந்துவிட்டுப் போகட்டும். அதன் பொருட்டுக் கண்ணையும் கையையும் பணயம் வைப்பது அறிவுடைமை ஆகாது.

பயிற்சி வினாக்கள்

1. நீர்த்துளி உலர்ந்த இடத்தில் வளையம் தோன்றுவது ஏன்?
2. லிட்டருக்கு 60 மில்லிகிராம் உப்புள்ள நீர் 20 லிட்டரில் எத்தனை கிராம் உப்பு இருக்கும்?
3. சமையல் சுக்காவிற்கும் ரப்பர் சுக்காவிற்கும் உள்ள வேறுபாடுகள் இரண்டினைக் கூறுக.
4. சுக்காவுடன் எப்பொருளைக் கலக்கவே கூடாது? ஏன்?
5. உங்கள் வீட்டில் உள்ள போத்தல்களைச் சோதியுங்கள். பெயர்ச்சீட்டு இல்லாத போத்தல் எதுவும் உண்டா? இருப்பின் அதனை என்ன செய்வீர்கள்?